மண்டபத்துத் திறப்பு

எங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும். பார்வைக்காகப் பிரதேச செயலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும்.

ஐயா, அம்மா,

"பொழுதுபோக்கு நோக்கிலான ஒன்றுகூடல்களுக்குப் பொதுநோக்கு மண்டபத்தை இலவசமாக வழங்க முடியாது என்பதை அறியத்தருகிறேன்."

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து உங்கள் சபை அனுப்பிய பதில் இவ்வளவுதான். கீழே ஒரு கையொப்பம், ஒரு றப்பர் முத்திரை. உப தபாலகத்தில் 31 வருடம் முத்திரை குத்தியவள் நான். அரச கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன் வறட்சி என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் 'பொழுதுபோக்கு' என்ற அந்த ஒரு சொல் மூன்று நாள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த புதன்கிழமை வழக்கம்போல் கச்சான் உடைக்கப் பாயும் சுளகுமாக மண்டபத்துக்குப் போனோம். கதவில் புது ஆமைப்பூட்டு. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உள்ளே வீதி வேலைக்கு வந்த சீமெந்துப் பைகள் அடுக்கியிருந்தன. காவலுக்கு நின்ற தம்பி, "சபையில தீர்மானமாம் அம்மா, இனி நாள் வாடகை 2,500 கட்டினால்தான் திறக்கலாமாம்" என்றான். அவனில் பிழையில்லை. ஆனால் எங்களில் ஒருத்தி விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கச்சான் உடைத்தாலும் அந்தக் காசில் காற்பங்கு தேறாது.

புதன்கிழமை எப்படித் தொடங்கியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. போர் முடிந்த பிறகு இருந்த செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து நாங்கள் 2011இல் ஊர் திரும்பினோம். ஊர் என்று சொல்ல அப்போது இருந்தது குளக்கட்டும், பாதி எரிந்த இரண்டு பாலை மரமும், கூரையில்லாத சங்கக்கடைச் சுவரும்தான். அடுத்த வருடம் கச்சான் நன்றாக விளைந்தது. முறிகண்டிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் உடைத்த பருப்பாகத் தந்தால் கூட விலை தருவதாகச் சொன்னார். வீட்டில் தனியே இருந்து உடைக்க அலுப்பாக இருக்கிறது என்று இரண்டு பேர் மண்டபத்து விறாந்தைக்கு மூட்டையைத் தூக்கி வந்தார்கள். அடுத்த கிழமை ஐந்து பேர். பிறகு இருபது, இருபத்தைந்து. புதன்கிழமை என்று ஒருவரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. வியாழக்கிழமை கடைக்காரரின் லாண்ட்மாஸ்ரர் வரும், அதற்கு முதல்நாள் உடைக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

கச்சான் உடைக்கிற சத்தத்துக்குள் ஒரு வசதி இருக்கிறது. கை ஓடிக்கொண்டிருக்கும், கண் சுளகில் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத கதைகள் சுளகைப் பார்த்தபடி வெளியே வரும். போரின் கடைசி நாட்களில் மாத்தளன் கடற்கரையில் விட்டுவிட்டு வந்ததைப் பற்றி ஒருத்தி நாலு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக வாய் திறந்தது அந்தப் பாயில்தான். ஒருவரும் "ஐயோ" என்று எழும்பவில்லை. கோது உடைகிற சத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் சுளகிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி அவளின் சுளகில் போட்டாள். அன்று அவளுக்குக் கணக்கில் குறையக் கூடாது என்று.

இதற்குப் பெயர் பொழுதுபோக்கு என்றால் எனக்குத் தமிழ் தெரியாது.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் ஒரு தபாலகத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் ஒரு ஊரின் சுகம் தெரியும். பிச்சைச் சம்பளம் என்று நாங்கள் சொல்கிற அரச உதவிப் பணம் கொடுக்கிற நாட்களில் எட்டு மணிக்குத் திறக்கிற தபாலகத்துக்கு ஆறரைக்கே கிழவன் கிழவிகள் வந்து வேப்பமரத்தடியில் இருப்பார்கள். காசு வாங்கி முடிந்த பிறகும் பதினொரு மணிவரை போக மாட்டார்கள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விளங்கியது, காசு ஒரு சாட்டு. ஒரு மாதம் வராதவரைத் தேடி அடுத்த நாளே யாரோ ஒருவர் சைக்கிளில் போவார். இப்போது அஸ்வெசும என்ற அரச உதவிக் காசு நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. பேரன் வங்கி அட்டையைக் கொண்டுபோய் இயந்திரத்தில் எடுத்துவந்து கையில் கொடுக்கிறான். வசதிதான், வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்தக் கிழவிக்கு வீட்டுப் படலையைத் தாண்ட மாதத்தில் இருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

எங்கள் வீடுகளையும் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் தந்தார்கள், கல்வீடு வந்தது, நன்றி. அரை ஏக்கர் காணிக்கு ஒரு வீடு. முன்பெல்லாம் கிடுகு வேலி, கிளுவை வேலி. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு இருக்கும். உப்பு முடிந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், புருசன் குடித்துவிட்டு வந்தால், அந்தப் பொட்டுக்குள்ளால்தான் ஓடுவோம். இப்போது வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுக்கு மதில், வராத வீட்டுக்கு யானைக்குப் பயந்து முள்ளுக்கம்பி. மதிலில் யாரும் பொட்டு வைத்துக் கட்டுவதில்லை. மண்டபத்து விறாந்தைதான் எங்களுக்கு மிஞ்சியிருந்த பொட்டு.

கோடியில் இருக்கிற அக்காவின் காலைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். இதை எழுத அவரிடம் கேட்டேன். "எழுது, பெயர் போடாதை" என்றார்.

அவருக்கு 67 வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். பிள்ளைகள் இரண்டும் இல்லை, புருசன் இல்லை, தனியே இருக்கிறார். சீனி வருத்தம் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது, தணல் மிதித்தாலும் தெரியாது. கிளினிக்கில் சொல்வார்கள், ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று. முழங்கால் மடங்காத, வெள்ளெழுத்து விழுந்த ஒரு மனுசி தன் உள்ளங்காலைத் தானே எப்படிப் பார்ப்பது? ஆனால் புதன்கிழமைகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பாயில் காலை நீட்டி இருப்போம். இருபத்தைந்து பேரின் ஐம்பது உள்ளங்கால்களும் எல்லோருக்கும் தெரியும். 2019இல் ஒருமுறை அவரின் குதிக்காலில் இருந்த வெடிப்பைப் பார்த்து, "அக்கா, உங்கட காலில என்ன அது, சீழ் மாதிரிக் கிடக்கு" என்று ஒருத்தி கேட்டாள். "ஒண்டுமில்லையடி" என்றார். விடவில்லை. அன்று பின்னேரமே ஓட்டோவில் ஏற்றினோம். மருந்து கட்டி மூன்று கிழமையில் மாறியது.

இந்த ஆனி மாதம் அவருக்கு உடைமுள் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. மண்டபம் பூட்டி இரண்டு மாதம். ஒருவரும் அவரின் காலைப் பார்க்கவில்லை. விறகு கேட்டுப் போன பொடியன் ஒருவன் வந்து, "ஆச்சி வீட்டில ஏதோ செத்துக் கிடக்குது போல, மணக்குது" என்று சொன்ன பிறகுதான் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மண்டபத்தைப் பூட்டியதால்தான் கால் போனது என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண மாட்டேன். முள்ளை நீங்கள் வைக்கவில்லை. நாங்களும் போய்ப் பார்த்திருக்கலாம். அந்தக் குற்ற உணர்வு எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் 2019இல் தப்பிய கால் இந்த வருடம் ஏன் தப்பவில்லை என்று நீங்கள் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நடுவில் மாறியது என்ன? மருந்து அதே மருந்து. கிளினிக் அதே கிளினிக்.

என் தங்கையின் மகள் தாதியாக இருக்கிறாள். உங்கள் பதில் கடிதத்தைக் காட்டியபோது அந்தப் பெறாமகள் சிரித்துவிட்டு, "பெரியம்மா, இதுக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சி கிடக்கு" என்றாள். அவள் வாசித்துச் சொன்னவற்றைச் சபையில் உள்ள படித்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அலமீடா என்ற மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். லிசா பேர்க்மன், லெனாட் சைம் என்ற இருவர் 1979இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். உறவு, நட்பு, சங்கம், கோயில் என்று தொடுப்பு மிகக் குறைந்தவர்கள், மிகக் கூடியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் செத்திருந்தார்கள். புகைத்தல், குடி, உடற்பருமன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. பிறகு 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்ராட் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இப்படியான 148 ஆய்வுகளை, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவுத்தொடுப்பு உள்ளவர்கள் உயிரோடு இருக்கிற வாய்ப்பு 50 வீதம் கூட. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை, வன்னியில் யாரும் வந்து எண்ணவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரத்தக்குழாய் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தது தடிமன் ஆராய்ச்சி. ஷெல்டன் கோஹன் என்பவர் 276 பேரின் மூக்கில் தடிமன் கிருமியைத் துளித்துளியாக விட்டு, தனியே வைத்துப் பார்த்தார். 1997இல் வந்தது. எல்லோருக்கும் விட்டது தடிமன் கிருமிதான். ஆனால் பலவகையான உறவு உள்ளவர்களைவிட, மூன்று வகைக்குள் நின்றவர்களுக்குத் தடிமன் பிடிக்கிற ஆபத்து நாலு மடங்குக்கு மேல். கூட நாலு பேர் வந்து போனால் கிருமி கூடத்தானே தொற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். பெறாமகள் சொன்ன விளக்கம் இது: தனிமை உடம்புக்கு ஒரு பயம். காட்டுக்குள் தனியே நிற்கிறவன் நித்திரையிலும் அரைக்கண் திறந்திருப்பது போல, உடம்பு எப்போதும் உசாராக நிற்கும். அந்த உசாருக்குச் சுரக்கிற சுரப்புகள் ஓயாமல் ஓடினால் பிறஷர் ஏறும், சீனி ஏறும், நித்திரை குழம்பும், உள்ளுக்குள் அழற்சி கூடும், கிருமியை எதிர்க்கிற பலம் குறையும். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் உடம்பு அந்தக் காவலைக் கொஞ்சம் தளர்த்தும்.

எனக்கு இது புதினமாகப் படவில்லை. 2012இல் என் பிறஷர் 170க்கு 100. இரண்டு விதக் குளிசை. 2014இல் என் புருசன் நெஞ்சு நோவென்று விழுந்து செத்துப்போன பிறகு மூன்றாவது குளிசையும் சேர்ந்தது. அந்த வருடம் நான் சாப்பிட்டேனா குளித்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. எட்டுச் செலவுக்கு அடுத்த புதன்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "வாங்கோ" என்று கூடச் சொல்லவில்லை, என் சுளகைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். சுளகுக்குப் பின்னால் நான் போனேன். 2017இல் வைத்தியர் ஒரு குளிசையை நிற்பாட்டினார். போன மாதம் அதைத் திரும்பவும் எழுதியிருக்கிறார். நிறுவ முடியாது, ஆனால் என் கிளினிக் கொப்பியில் தேதியோடு இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

உலக சுகாதார அமைப்பு 2025 ஆனியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், அதோடு தொடர்புபட்ட சாவு ஆண்டுக்கு 871,000க்கு மேல் என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023இல் சொன்னதோ பட்டிக்காட்டாருக்கும் விளங்கும்: உறவுத்தொடுப்பு இல்லாமல் வாழ்வது, ஆயுளுக்கு ஒரு நாளைக்கு 15 சிகரெட் வரை குடிப்பது போன்ற கேடு. எங்கள் மண்டபக் கதவில் உங்கள் சபை ஒட்டிய 'இங்கே புகைத்தல் தடை' அறிவித்தல் இன்னும் இருக்கிறது. ஆமைப்பூட்டு அதற்கு ஒரு சாண் கீழே தொங்குகிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியை விடுகிறேன். எங்களுக்கு வருத்தம் என்னவென்று கிளினிக்கில் கேட்டால், பாதிப் பேர் சொல்வது "யோசினை" என்றுதான். "யோசினை கூட, நித்திரை இல்லை, நாரி உளையுது." வைத்தியர் நாரிக்கு எண்ணெய் எழுதுவார். ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டிலும் அதே சொல் இருக்கிறதாம்: 'குஃபுங்கிசிசா', அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006இல், கையில் ஆளும் இல்லை அறையும் இல்லை என்ற நிலையில், 14 கிழவிகளைப் பழக்கி, கிளினிக் வளவில் மரத்தடி வாங்கில் இருத்தினார். யோசினை உள்ளவர்கள் வந்து பக்கத்தில் இருந்து கதைப்பார்கள். அதை முறையாகச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் வாங்கில் இருந்து கதைத்தவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. சிம்பாப்வேயில் மரத்தடி வாங்கு போட நகரசபைக் கிளினிக்கே இடம் கொடுத்தது. எங்களிடம் வாங்கு இல்லை, பாய் இருந்தது, இடமும் இருந்தது. நீங்கள் கேட்காமலே, ஒரு சதம் செலவில்லாமல்.

யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் வடக்கைப் பற்றி எழுதும்போது இதைத்தான் 'கூட்டு மனவடு' என்றார். போரில் காயப்பட்டது ஆள் ஆளாக மட்டும் இல்லை, ஊராகவும்தான். குடும்பத்தையும் அயலையும் கட்டியிருந்த கயிறு அறுந்ததே ஒரு வருத்தம், அதை ஆளுக்கொரு குளிசையால் மாற்ற முடியாது என்பது அவர் சொல்லிவந்தது. கிளிநொச்சியில் 2017 மாசி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பந்தல் போட்டு இருந்த தாய்மாரில் ஒருவரை எனக்குத் தெரியும். "பதில் வராது எண்டு தெரியும் தங்கச்சி. ஆனா வீட்டில இருந்தா எனக்கு விசர் பிடிக்கும், இங்க எல்லாருக்கும் ஒரே கதை" என்றார்.

உங்கள் பக்கத்திலிருந்து வாய்மூலமாகச் சொல்லப்பட்ட காரணங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆண்கள் வந்து சீட்டு விளையாடுகிறார்கள் என்று ஒரு முறைப்பாடாம். ஓம், விளையாடினார்கள். ஐந்தாறு பேர் வேப்பமரத்தடியில் 304. பந்தயம் கச்சான் பருப்பு. அதுவும் எங்கள் சுளகிலிருந்து களவெடுத்தது. இந்த ஊரில் ஆம்பிளைகள் கூடிக் கதைக்க வேறு என்ன இடம் இருக்கிறது? தவறணைதான். பெண்களாவது அழுது தீர்ப்போம். அவர்கள் மாட்டையும் மழையையும் பற்றிக் கதைத்துவிட்டு நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு போகிறவர்கள். சீட்டு என்றாலும் நாலு பேர் முகத்தைப் பார்க்கட்டும்.

வீடுகளில் கூடலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டாராம். எல்லோரும் எல்லோருடைய வீட்டுப் படியும் ஏறுவதில்லை. ஏன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 77 கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிய குடும்பங்கள் நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கின்றன. அவர்களின் கையால் எத்தனை வீட்டில் தேத்தண்ணி குடித்திருப்போம்? மண்டபம் யாருடைய வீடும் இல்லை. அதனால்தான் அங்கே எல்லோரும் ஒரே கேத்திலில் குடித்தோம். அந்தப் பாயில் புனிதர்கள் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊர்வம்பு இருந்தது, கோள்மூட்டல் இருந்தது, ஒரு தடவை சுளகு பறந்தது. நுண்கடன்காரன் ஐந்து பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும் என்று கடன் கொடுத்தபோது, பக்கத்து வளவுக்காரிகள் இரண்டு பேர் மூன்று வருடம் முகம் பார்க்கவில்லை. இருவரும் கிழமைக்கு ஒருக்கால் ஒரே பாயின் இரண்டு அந்தத்தில் வந்து இருந்தார்கள். பாய் ஒன்று என்றபடியால் ஒரு நாள் ஒருத்திக்குப் புரையேற, மற்றவள் தண்ணிச் செம்பை உருட்டிவிட்டாள். வீட்டிலென்றால் அது நடந்திராது.

வருமானம் வேண்டும் என்பது நியாயமான காரணம். கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் வாடகை எடுங்கள், கூட்டியே எடுங்கள். ஆனால் அந்த மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டியது எங்கள் சிரமதானம். மண் சுமந்தவர்களில் நாலு பேர் இப்போது உயிரோடு இல்லை.

ஆகவே கேட்கிறோம்.

சீமெந்தை எடுத்துவிட்டு, புதன்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை மண்டபத்தை வாடகையில்லாமல் எங்களுக்குத் தர வேண்டும். கதவுக்கு இரண்டு திறப்பு உண்டு. ஒன்று உங்களிடம் இருக்கட்டும், மற்றது மாதர் சங்கத் தலைவியிடம் கையொப்பத்தோடு கொடுக்கப்பட வேண்டும். கூட்டித் துடைப்பதும் லைட் பில்லில் புதன்கிழமைப் பங்கும் எங்கள் பொறுப்பு.

மாதாந்த அமர்வுக் கூட்டறிக்கையில் எங்கள் ஒன்றுகூடல் 'பொழுதுபோக்கு' என்று பதியப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தி, பொதுச் சுகாதாரத்துக்கான பயன்பாடு என்று எழுத வேண்டும். இதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நாளை வேறு ஊர் மண்டபம் பூட்டப்படும்போது அந்தச் சொல்லைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி அவர்களிடம் இரண்டு. மாதத்தில் ஒரு புதன்கிழமை ஒரு தாதியையோ குடும்பநல உத்தியோகத்தரையோ மண்டபத்துக்கு அனுப்புங்கள்; பிறஷர், சீனி, உள்ளங்கால் மூன்றையும் பார்க்கட்டும். ஆட்களைக் கூப்பிட நீங்கள் லவுட்ஸ்பீக்கர் கட்டத் தேவையில்லை, நாங்கள் ஏற்கெனவே இருப்போம். மற்றது, எங்கள் ஊரவர்களுக்குக் கிளினிக் திகதியை ஆளுக்கொரு நாளாகப் போடாமல் ஒரே நாளில் போட ஆஸ்பத்திரியோடு கதைத்துத் தாருங்கள். முன்பு ஆறு பேர் சேர்ந்து ஓட்டோ பிடித்துப் போவோம். இப்போது ஒவ்வொருத்தியும் தனித்தனியே 1,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதால் மூன்று பேர் கிளினிக்கை விட்டேவிட்டார்கள். யார் என்று கேட்டால் சொல்லத் தயார், ஆனால் அவர்களை ஏசக் கூடாது.

பிரதேச செயலாளர் அவர்களிடம் ஒன்றுதான். முதியோர் சங்கத்துக்கு வருடாவருடம் ஏதாவது பொருள் கொடுக்கிறீர்கள். இந்த வருடம் குடையும் போர்வையும் வேண்டாம். மண்டபத்து மலசலகூடத்துக்கு ஒரு சரிவுப்பாதையும் கைபிடிக் கம்பியும் போட்டுத் தாருங்கள். கோடியில் இருக்கிற அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவர வேண்டும். அவர் வரச் சம்மதித்துவிட்டார்.

அடுத்த சபை அமர்வுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். மாதர் சங்கத்தின் பெயருக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். சாதாரண தபாலில் வந்து கைக்குக் கிடைக்கவில்லை என்ற கதை என்னிடம் எடுபடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்